கரை ஒதுங்கும் ஓங்கில்களிலும் திமிங்கலங்களிலும் தொற்றுநோயைக் கண்காணித்தல்: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

தனுஷ்கோடியிலிருந்து மூக்கையூர் வரையிலான தென்கடல் கரையிலோ, பாம்பனிலிருந்து தொண்டி வரையிலான வடகடல் கரையிலோ ஓர் ஓங்கில் (டால்பின்) இறந்து ஒதுங்கினால், நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். மீனவர் தகவல் சொல்கிறார். வனத்துறையினர் வந்து நீளம் அளக்கின்றனர். கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்கிறார். மாலைக்குள் உடல் புதைக்கப்படுகிறது. இதில் எதுவும் தவறில்லை. ஆனால் வலையில் சிக்கி மூச்சு முட்டியதா, படகு மோதியதா, நோய் கொன்றதா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய திசுக்களை முறையாக எடுத்து, முறையாகப் பாதுகாத்து, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பாவிட்டால், விடையும் உடலோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. நம் கரையின் வெயிலில் அந்த விடைக்கு ஆயுள் சில மணி நேரம் மட்டுமே. அந்தச் சில மணி நேரத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கடலோரத் தன்னார்வலர்களுக்கும், வனக்காப்பாளர்களுக்கும், இத்தகைய உடலை முதன்முறையாகத் திறக்கப்போகும் கால்நடை மருத்துவர்களுக்கும் சொல்வதே இந்த வழிகாட்டியின் வேலை.

இந்தக் கண்காணிப்பு ஏன் இப்போதே தேவை என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டு வரலாறே போதுமான பதில். ஓங்கில்களைத் தாக்கும் மார்பிலிவைரஸ், மனிதர்களின் தட்டம்மை வைரஸுக்கும் நாய்களின் டிஸ்டெம்பர் வைரஸுக்கும் நெருங்கிய உறவு கொண்டது. 1990-இல் ஸ்பெயின் கரையில் தொடங்கி மத்தியதரைக் கடல் முழுவதும் பரவிய அந்த நோய், ஆயிரக்கணக்கான வரி ஓங்கில்களைக் கொன்றது. 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1,600-க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் ஒதுங்கியதற்கும் அதே வைரஸ்தான் காரணம் எனக் கண்டறியப்பட்டது. 2013-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அது தாக்கிய இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு ஓங்கில், மன்னார் வளைகுடாவிலும் வாழும் அதே இனம். இங்கெல்லாம் நோயின் பெயரைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கரையில் யாரோ ஒருவர் உரிய நேரத்தில் நுரையீரலையும் மூளையையும் எடுத்து வைத்ததுதான்.

முதலில் அனுமதி பற்றி. திமிங்கலம், ஓங்கில், கடற்பன்றி, ஆவுளியா (கடற்பசு) ஆகிய அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதலாம் அட்டவணையில் உள்ளவை. ஆகவே பல், எலும்பு, கொழுப்பு, திசு என எதையும் தனிநபர் எடுக்கக் கூடாது. நல்ல நோக்கத்தோடு எடுத்தாலும் குற்றமே. மாதிரி எடுப்பது வனத்துறையின் உத்தரவோடு கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய பணி. கரை ஒதுங்கும் பெரிய கடல்வாழ் விலங்குகளைக் கையாள்வதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் வெளியிட்டது. வனச்சரக அலுவலகத்தில் அதன் படி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருப்பது நல்லது. தன்னார்வலரின் பங்கு இதனால் சிறுத்துவிடுவதில்லை. தகவல் சொல்வது, படம் எடுப்பது, காவல் நிற்பது, நிழல் அமைப்பது, நாய்களையும் கூட்டத்தையும் விலக்குவது ஆகிய ஐந்தும் சரியாக நடக்காத இடத்தில் மருத்துவர் வந்தும் பயனில்லை.

கைகளுக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பு

இந்த விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய நோய்கள் உண்டு. கடல் பாலூட்டிகளில் புரூசெல்லா பாக்டீரியா இருப்பது 1994-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அது மனிதரைத் தொற்றினால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி எனப் பல வாரம் கழித்தும் வெளிப்படலாம். எரிசிபெலோத்ரிக்ஸ் என்னும் பாக்டீரியா விரல் கீறல் வழியே புகுந்து, சில நாட்களில் அந்த இடத்தைச் செந்நீலமாக வீங்கச் செய்து கடுமையாக வலிக்க வைக்கும். மீன் முள் குத்தியவர்களுக்கும் இதே தொற்று வருவதுண்டு. எனவே இரட்டைக் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி, முழங்கால்வரை ரப்பர் காலணி, நீர் புகாத மேலங்கி ஆகியவை இல்லாமல் யாரும் உடலைத் தொடக் கூடாது. உயிருள்ள விலங்கின் ஊதுதுளைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. அது வெளிவிடும் மூச்சில் நுண்திவலைகளோடு கிருமியும் வரும். கர்ப்பிணிகள் இந்தப் பணியிலிருந்து விலகி நிற்பதே முறை. கத்தி பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீராலும் சோப்பாலும் நெடுநேரம் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்த்து, எந்த விலங்கைத் தொட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்த வாரங்களில் காய்ச்சல் கண்டாலும் இந்தத் தகவலைச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனெனில் கேட்கத் தோன்றாத மருத்துவர் புரூசெல்லாவைத் தேட மாட்டார்.

மேலங்கியோடு சித்திரை வெயிலில் நிற்பது எளிதன்று. அரை மணிக்கு ஒருவர் என மாறி மாறி வேலை செய்வதும், சற்றுத் தள்ளி ஒரு நிழலில் குடிநீர் வைத்திருப்பதும் ஏற்பாட்டின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

உயிரோடு ஒதுங்கியிருந்தால்

வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகெலும்பும் வால்தசையும் சிதையும். வயிறு தரையில் படியும்படி நேராக நிமிர்த்தி, பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைப் பறித்துப் பள்ளமாக்கி, ஈரத்துணியால் உடலை மூடி, ஊதுதுளையை மட்டும் திறந்து விடுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுங்கள். மூச்சில் துர்நாற்றம், சளி, இரத்தம் உண்டா என்பதையும், உடல் நடுங்குகிறதா, ஒரு பக்கமாகச் சாய்கிறதா, வட்டமடித்து நீந்தியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்களா என்பதையும் குறியுங்கள். மூளையைத் தாக்கும் நோய்களில் இந்தக் கடைசி அறிகுறிகள் முக்கியமானவை.

உடனே கடலுக்குள் தள்ளிவிட வேண்டும் என்ற தவிப்பு நம் மீனவர்களிடம் உண்டு. அந்தப் பரிவை மதிக்கிறேன். ஆயினும் தனியாக ஒதுங்கும் விலங்கு பெரும்பாலும் நோயாலோ காயத்தாலோ தளர்ந்துபோனதாகவே இருக்கும். மருத்துவர் பார்க்காமல் தள்ளிவிட்டால் சற்றுத் தொலைவில் மறுபடியும் ஒதுங்கி இறக்கும். தொற்று இருந்தால் கூட்டத்துக்கும் கொண்டுசெல்லும். கூட்டமாக ஒதுங்குவது வேறு கதை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணப்பாடு பகுதியில் 80-க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, கடலுக்குள் விடப்பட்டவற்றுள் பல திரும்பவும் கரைக்கே வந்தன. இந்த இனத்தின் கூட்டுப் பிணைப்பு அவ்வளவு வலியது. ஒன்றிரண்டு நோயுற்றவற்றைப் பின்தொடர்ந்து நலமானவையும் வந்துவிடக்கூடும். அத்தகைய நேரத்தில் எது முதலில் ஒதுங்கியது என்று கண்டவரிடம் கேட்டு, அந்த விலங்குக்கு அடையாளத் துணி கட்டி, அதிலிருந்தே மாதிரி எடுக்கத் தொடங்குங்கள்.

உடலைத் திறக்கும் முன்

முதல் வேலை நிழல். தார்ப்பாயோ பந்தல் துணியோ கட்டி, ஐஸ் வாங்கிவந்து வயிற்றின் மேலும் தலையின் மேலும் பரப்பினால் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மண்டபத்திலும் பாம்பனிலும் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீன் வைக்கும் பெட்டியை இதற்கு வாங்காதீர்கள். மாதிரிக்கென்று வேறு நிறத்தில் ஒரு பெட்டியை வனச்சரக அலுவலகத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, சிதைவு நிலையைக் குறித்தல். உலகெங்கும் ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர்: உயிருடன் இருப்பது ஒன்று, கண் தெளிவாக, தோல் உரியாமல், நாற்றமின்றிப் புதிதாக இறந்தது இரண்டு, வயிறு உப்பத் தொடங்கி, தோல் உரிந்து, உறுப்புகள் இன்னும் உருக்குலையாமல் இருப்பது மூன்று, உறுப்புகள் கூழாகிவிட்டது நான்கு, காய்ந்த தோலும் எலும்பும் மட்டும் எஞ்சியது ஐந்து. இரண்டாம் நிலையில் எல்லாச் சோதனைகளும் செய்யலாம். மூன்றில் மரபணுச் சோதனைக்கு இன்னும் வாய்ப்பு உண்டு. திசு நுண்ணோக்கலின் மதிப்பு குறையும். நான்கில் இனத்தை உறுதிசெய்யத் தோலும் பல்லும்தான் மிஞ்சும். எந்த நிலையானாலும் பதிவு செய்வதை விடக் கூடாது. பெரிய திமிங்கலத்தில் வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். தடித்த கொழுப்புப் போர்வை சூட்டை உள்ளே அடைத்துவைப்பதால், தோல் புதிதாகத் தெரியும்போதே உள்ளுறுப்பு அழுகியிருக்கும். உப்பிய வயிற்றின் அருகே நிற்பதும், மேலே ஏறிப் படம் எடுப்பதும் உயிருக்கே ஆபத்து.

நீளத்தை மேல்தாடை நுனியிலிருந்து வால்துடுப்பின் நடுப்பிளவு வரை, உடலுக்குப் பக்கத்தில் நாடாவை நேர்கோட்டில் பிடித்து அளக்க வேண்டும். முதுகின் வளைவின் மேல் போட்டு அளந்தால் கூடுதலாக வரும். தலைக்குப் பின்னால் கழுத்துப் பகுதி குழிந்திருந்தால் விலங்கு நெடுநாள் உண்ணாமல் மெலிந்திருக்கிறது என்று பொருள். இருபக்கமும், தலை, வாய், துடுப்புகள், பிறப்புறுப்பு என அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

தோலை நிதானமாகப் பாருங்கள். பச்சை குத்தியதுபோல ஒழுங்கற்ற விளிம்புடன், உள்ளே புள்ளி புள்ளியாகச் சாம்பலோ கருமையோ படர்ந்த தழும்புகள் பாக்ஸ் வைரஸின் அடையாளம். ஓரிரண்டு இருப்பது பொதுவானது, உடல் முழுதும் பரவியிருந்தால் குறிப்பிடத்தக்கது. சாய்சதுர வடிவில் மேடிட்ட திட்டுகள் எரிசிபெலோத்ரிக்ஸ் இரத்தத்தில் பரவியதைச் சொல்லும். அதைக் கண்டால் கையுறையை மறுபடி சரிபாருங்கள். வாயிலும் பிறப்புறுப்பிலும் புண்கள் ஹெர்பிஸ் வகை வைரஸைக் காட்டலாம். துடுப்பின் முன்விளிம்பிலும் வாயோரத்திலும் மெல்லிய, இணையான வெட்டுக்கோடுகள் வலையின் தடம். நல்ல உடற்கட்டு, இரைப்பையில் செரிக்காத மீன், மூச்சுக்குழலில் நுரை ஆகியவை அத்தடத்தோடு சேர்ந்து நின்றால் வலையில் இறந்தது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அப்படியானாலும் தொற்றுநோய் மாதிரிகளை எடுங்கள். நோயுற்ற ஓங்கில் வலையை உணராமல் சிக்கவும் கூடும். நலமாக இருந்து வலையில் இறந்த விலங்கோ இந்தக் கடலில் இயல்பான நிலை எது என்பதைக் காட்டும் அளவுகோல். நோயுற்றவற்றை மட்டும் சோதித்தால் நோயின் பரவலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மாதிரி எடுக்கும் முறை

ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். ஒன்று திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினுக்கு, மற்றொன்று குளிருக்கு. இந்த இரண்டையும் குழப்புவதே அடிக்கடி நேரும் பிழை. ஃபார்மலினில் போட்டது நுண்ணோக்கிக்குச் செல்வது. அதை ஒருபோதும் உறையவைக்கக் கூடாது, உறைந்தால் செல்கள் உடைந்து ஒன்றும் தெரியாது. உறையவைத்தது பிசிஆர் என்னும் மரபணுச் சோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் செல்வது; அதில் ஃபார்மலின் ஆவிகூடப் படக் கூடாது. கடைச்சரக்கான ஃபார்மலின் ஒரு பங்குக்கு, ஒன்பது பங்கு நடுநிலைப்படுத்திய நீர் சேர்த்தால் வேண்டிய பத்து விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். திசுத்துண்டு ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமலும், கரைசல் திசுவைப்போல் பத்து மடங்கு இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டைச் சிறிய பாட்டிலில் திணித்தால் நடுப்பகுதி பதப்படாமல் உள்ளேயே அழுகும். பாட்டிலின் வாய் அகலமாக இருக்கட்டும்; மென்மையாகப் போன திசு விறைப்பாகி வெளியே வர மறுக்கும்.

வரிசை முக்கியம். நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றை முதலில் எடுத்து, குடலைக் கடைசியில் திறங்கள். குடலின் கிருமி மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும். உறுப்புக்கு ஒரு புதிய கத்தி அலகு வேண்டும். நுரையீரலைக் கையில் எடுத்ததும் அழுத்திப் பாருங்கள். நலமானது இளஞ்சிவப்பாக, பஞ்சுபோல் அமுங்கி, வெட்டிய துண்டு நீரில் மிதக்கும். நிமோனியா கண்டது கருஞ்சிவப்பாகவோ சாம்பல் திட்டுகளாகவோ கெட்டிப்பட்டு, கனத்து, மூழ்கும். மூச்சுக்கிளைகளை நீளவாக்கில் வெட்டினால் நூல்போன்ற புழுக்கள் தென்படலாம். அவற்றை உப்புநீரில் அலசி 70 விழுக்காட்டு எத்தனாலில் இடுங்கள். புழு இருந்தது என்பதற்காக அதுவே மரணக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நலமான விலங்குகளிலும் அவை உண்டு.

மூளையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மார்பிலிவைரஸ், புரூசெல்லா, டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி மூன்றுமே மூளையில் தங்குபவை. ஆனால் மண்டையோட்டை அறுக்கக் கருவியில்லை என்பதால் கரையில் பெரும்பாலும் விட்டுவிடப்படுவதும் மூளைதான். அறுக்காமலேயே ஒரு வழி இருக்கிறது. தலையும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் கழுத்தைப் பிரித்தெடுக்கும் முன், அந்த இடைவெளியில் ஊசி செலுத்தி மூளைத்தண்டுவட நீரைத் தூய்மையான குழாயில் எடுங்கள். தெளிவாக இருக்க வேண்டிய அந்த நீர் கலங்கியிருந்தால் அப்போதே எழுதிவையுங்கள். பிறகு மூட்டைப் பிரித்தால் மண்டையின் அடியில் உள்ள பெருந்துளை தெரியும். நீண்ட கரண்டியால் அதன் வழியே தண்டுமூளையையும் சிறுமூளையின் ஒரு பகுதியையும் எடுத்துவிடலாம். அவற்றில் பாதி ஃபார்மலினுக்கு, பாதி குளிருக்கு.

பெண் விலங்கானால் கருப்பை, பால்சுரப்பி, கரு இருந்தால் நஞ்சுக்கொடி ஆகியவற்றையும், ஆணானால் விரையையும் சேர்க்க வேண்டும். கருச்சிதைந்த குட்டி தனியே ஒதுங்கினால் அது புரூசெல்லாவுக்கு மிக மதிப்புள்ள மாதிரி, சிறியதென்று உதறிவிடாதீர்கள். இரத்தம் கிடைத்தால் இதயத்திலிருந்து எடுத்துக் கட்டிப்பட விட்டு, மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரித்த பிறகே குளிரில் வையுங்கள்.

பெயர்ச்சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, வெறுந்தாள் மட்டும் மிஞ்சும். விலங்கின் எண், உறுப்பு, தேதி, இடம் ஆகிய நான்கும் பாட்டிலுக்கு உள்ளே ஒரு சீட்டிலும் வெளியே ஒரு சீட்டிலும் இருக்க வேண்டும்.

அனுப்புவதும் பொருள் கொள்வதும்

மாதிரிகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி அல்லது சென்னைக் கல்லூரிகளுக்கு வனத்துறையின் கடிதத்தோடு அனுப்பலாம். முன்கூட்டியே பேசி, என்ன நோய் ஐயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். புரூசெல்லா என்ற ஐயத்தைச் சொல்லாமல் அனுப்புவது ஆய்வகப் பணியாளரை ஆபத்தில் தள்ளுவதாகும். பறவைக் காய்ச்சல் வைரஸ் 2022 முதல் அமெரிக்கக் கண்டங்களில் ஓங்கில்களிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. எனவே, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற சரணாலயங்களுக்கும் தனுஷ்கோடி உவர்நீர்ப் பரப்புகளுக்கும் வலசைப் பறவைகள் வரும் மாதங்களில், கரையில் ஆலாக்களோ கடற்காகங்களோ கூட்டமாக இறந்து கிடந்தால் அதையும் அதே படிவத்தில் எழுதுங்கள். அந்த ஐயம் வலுத்தால் மாதிரி போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பிசிஆரில் வைரஸ் இருந்தது என்ற முடிவு மட்டும் அந்த வைரஸே கொன்றது என்பதற்குச் சான்றாகாது. நுரையீரலிலும் மூளையிலும் அதற்குரிய அழற்சி, நிணநீர்த் திசுவின் தேய்வு, செல்களுக்குள் வைரஸ் உண்டாக்கும் திரள்களான உட்பொருள்கள் ஆகியவை நுண்ணோக்கியில் தெரிந்தால்தான் மரணக் காரணம் என்று எழுதலாம். மார்பிலிவைரஸ் எதிர்ப்பாற்றலைக் குலைத்துவிடுவதால், பூஞ்சையோ பாக்டீரியாவோ முன்னால் நின்று வைரஸை மறைத்துவிடுவதும் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா கிடைத்தால் கண்ணைக் கரைப்பக்கம் திருப்ப வேண்டும். பூனைக் கழிவிலிருந்து வரும் அதன் முட்டைகள் மழைநீரோடு கடலில் கலந்து பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

பதிவேட்டில் காற்றையும் எழுதுங்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது ஒதுங்கிய உடலும் வாடையில் ஒதுங்கிய உடலும் வெவ்வேறு திசையிலிருந்து தள்ளிவரப்பட்டவை. ஒதுங்கிய இடமே இறந்த இடமாகிவிடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாட்களில் வலைத்தடமில்லாமல் ஒதுங்கும் ஒவ்வோர் உடலையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புதைக்கும் குழி, அலை ஏறும் எல்லைக்கு மேலே, ஊர் மக்கள் குடிநீருக்குத் தோண்டும் மணல் ஊற்றுகளிலிருந்து தொலைவில் இருக்கட்டும். நாய்கள் தோண்ட முடியாத அளவுக்கு, உடலின் மேல் ஒரு மீட்டருக்குக் குறையாமல் மண் வேண்டும். கருவிகளையும் காலணிகளையும் முதலில் சோப்புநீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனையுங்கள். இரத்தம் ஒட்டிய கத்தியில் பிளீச்சிங் வேலை செய்யாது. இறைச்சியைத் தூண்டில் இரைக்குக்கூட எடுக்க விடாதீர்கள்.

ஒரு வாரத்துக்குள் அதே கரையில் மூன்றாவது உடல் ஒதுங்கினால், அல்லது வலைத்தடமில்லாத இரண்டு இளம் விலங்குகள் அடுத்தடுத்து வந்தால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மாவட்ட வன உயிரினக் காப்பாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அன்றே மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும் சொல்லி, கடலில் ஓங்கில் கூட்டங்களைப் பார்த்துவரும் நாட்டுப்படகுக்காரர்களிடம் கூட்டத்தின் நடத்தை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். தூத்துக்குடி, புதுக்கோட்டை மாவட்ட வனச்சரகங்களின் முந்தைய இரண்டு வாரப் பதிவுகளைக் கேட்டு வாங்கி ஒரே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்; உடல்கள் மாவட்ட எல்லை பார்த்து ஒதுங்குவதில்லை. துறை வழியாக, பாக் நீரிணைக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணம் கரைகளில் என்ன ஒதுங்கியது என்பதையும் கேட்டுப் பெறலாம்.